பால்வாடி முதல் அங்கன்வாடி வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வேலைக்குச் சேரும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான பயிற்சியில் திட்டத்தின் வரலாற்றைச் சொல்வது என் பங்கு. பேசி முடித்ததும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பெற்றோரிடம் போனாலும் அதே கேள்விகள், கொஞ்சம் கோபம் மட்டும் கூடுதல். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளைக்குப் பாடம், மாதாமாதம் எடை, மதியம் சோறு என்று இன்று ஒரே அறைக்குள் நடக்கும் மூன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு வாசல் வழியாக உள்ளே வந்தவை. பாதிக் குழப்பம் அதனால்தான்.

பால்வாடியும் அங்கன்வாடியும் ஒண்ணுதானே?

இன்றைய பேச்சில் ஒன்றுதான். பெயர்ப்பலகையில் அங்கன்வாடி என்று இருக்கும், பாட்டி பிள்ளையைப் "பால்வாடியில விட்டுட்டு வர்றேன்" என்பார். யாருக்கும் குழப்பம் இல்லை.

வரலாற்றில் இரண்டும் வேறு. பால்வாடிதான் மூத்தது. மாதர் சங்கங்களும் சேவை அமைப்புகளும் ஊராட்சி ஒன்றியங்களும் ஆங்காங்கே தங்களால் முடிந்த அளவில் நடத்தியவை அவை. 1953இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. துர்காபாய் தேஷ்முக் அதன் முதல் தலைவர். வாரியம் கொடுத்த மானியத்தை நம்பிப் பல பால்வாடிகள் ஓடின. மானியம் வந்தால் நடக்கும், தாமதமானால் டீச்சர் சம்பளம் இல்லாமல் நிற்பார். அங்கன்வாடி என்பது 1975க்குப் பிறகு அரசுத் திட்டத்தின் கீழ் வந்த மையம். பழைய பால்வாடிகளில் சில அதற்குள் கலந்தன, சில மூடப்பட்டன. பெயர் மட்டும் மக்கள் வாயில் தங்கிவிட்டது.

இந்த யோசனையே வெளிநாட்டுலேர்ந்து வந்ததா?

பாதி அப்படி, பாதி இல்லை. இத்தாலியின் மரியா மாண்டிசோரி எழுதியவற்றைப் படித்துவிட்டு, குஜராத்தில் வக்கீலாக இருந்த கிஜுபாய் பதேகா தொழிலையே மாற்றிக்கொண்டார். 1920இல் பாவ்நகரில் பால மந்திர் என்ற சிறு பிள்ளைகள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அடி கிடையாது, மனப்பாடம் கிடையாது, கதையும் பாட்டும் கைவேலையும்தான். அவரோடு வந்து சேர்ந்தவர் தாராபாய் மோடக். மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னை அடையாறுக்கு, பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால் உடனே ஊர் திரும்ப முடியவில்லை. போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே இருந்தார், கொடைக்கானலிலும் கொஞ்ச காலம்.

ஆனால் மாண்டிசோரி சாதனங்கள் விலை கூடியவை, ஏழைப் பிள்ளைக்கு எட்டாதவை. தாராபாய்க்கு அதுதான் உறுத்தல். 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரையில் உள்ள போர்டி கிராமத்துக்குப் போனார், அனுதாய் வாக் துணைக்கு வந்தார். அங்கே ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக் கட்டடத்துக்கு வரவில்லை. சரி, பள்ளியை அவர்கள் குடியிருப்புக்குக் கொண்டுபோவோம் என்று வீட்டு முற்றத்திலேயே பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்கள். கூழாங்கல், இலை, விதை, கிளிஞ்சல் இவையே சாதனங்கள். அங்கன் என்றால் முற்றம். முற்றத்தில் நடந்த அந்த வகுப்பிலிருந்துதான் அங்கன்வாடி என்ற பெயரும் வந்தது. யோசனையின் வித்து வெளியூர்தான். ஏழை ஊரில் செலவில்லாமல் நடத்திக் காட்டியது இந்த இரண்டு பெண்கள்.

அரசாங்கம் இதை எப்ப கையில எடுத்துச்சு?

1975 அக்டோபர் 2. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் என்ற திட்டம் அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை நிலக்கோட்டை, தளி, சென்னை நகரம். நிலக்கோட்டை அப்போது மதுரை மாவட்டத்திலும் தளி தர்மபுரி மாவட்டத்திலும் இருந்தன. பழைய கோப்புகளில் தேடும்போது திண்டுக்கல், கிருஷ்ணகிரி என்று தேடினால் கிடைக்காது.

அதற்கு முன்பே அடித்தளம் போடப்பட்டிருந்தது. பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளின் வளர்ச்சி பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார்கள், தலைவர் மீனா சுவாமிநாதன். 1972இல் வந்த அதன் அறிக்கை, சோறு தனி, மருந்து தனி, பாடம் தனி என்று பிரிக்காமல் மூன்றையும் ஒரே இடத்தில் கொடுக்கச் சொன்னது. 1975 திட்டத்தின் ஆறு சேவைகளும் அந்த வழியில் வந்தவைதான்: கூடுதல் உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரை, தாய்மாருக்கு ஊட்டச்சத்துக் கல்வி, முறைசாரா முன்பருவக் கல்வி. பட்டியலில் கல்வி கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நடைமுறையில் அங்கேதான் போய் நின்றது.

எங்க அப்பா எம்.ஜி.ஆர். கொண்டுவந்ததுங்கிறார், மாமா காமராஜர்ங்கிறார். யார் சொல்றது சரி?

அங்கன்வாடியைப் பொறுத்தவரை மாமா தோற்றார், அப்பா பாதி ஜெயித்தார். காமராஜர் 1956இல் தொடங்கியது பள்ளிக்கூடத்து மதிய உணவு. பள்ளியில் சேராத சின்னப் பிள்ளைக்கு அதில் இடமில்லை.

1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு 2 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. முதலில் கிராமங்கள், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்கள். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சோறு போட ஓர் இடம் வேண்டுமே? அதற்காக ஆயிரக்கணக்கான குழந்தைகள் மையங்கள் புதிதாக முளைத்தன. 1975இல் தமிழ்நாட்டில் மூன்றே இடத்தில் இருந்த ஏற்பாடு ஊருக்கு ஊர் தெரிந்ததாக மாறியது இதற்குப் பிறகுதான். "எம்.ஜி.ஆர். கொண்டுவந்தது" என்று ஒரு தலைமுறையே சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. திட்டம் டெல்லியுடையது, பரப்பியது சோறு.

மையங்களில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெண்களுக்கு வேலையும் கிடைத்தது. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். எத்தனையோ குடும்பங்கள் நிமிர்ந்தது இந்த வேலையால்.

பழைய டீச்சருங்க "உலக வங்கித் திட்டம்"னு சொல்றாங்களே, அது எது?

1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் சோதனையாகத் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடனில் நடந்ததால் அந்தப் பெயர். முதல் கட்டம் 1989 வரை, இரண்டாம் கட்டம் 1990 முதல் 1997 வரை. மேலே சொன்ன 1975 திட்டமும் இதுவும் வேறு வேறு வட்டாரங்களில் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 1997க்குப் பிறகு இந்த வட்டாரங்களும் மெல்ல மெல்ல 1975 திட்டத்துக்குள் வந்துவிட்டன.

இதன் போக்கே தனி. இலக்கு 6 மாதம் முதல் 3 வயது வரை. பாதிப்பு தொடங்குவது அந்த வயதில்தான், மூன்று வயதுக்கு மேல் சோறு போட்டு இழந்ததை முழுக்க மீட்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. எல்லாப் பிள்ளைக்கும் தினமும் உணவு கொடுக்கவில்லை. எல்லாரையும் மாதம் ஒரு முறை எடை போட்டார்கள், எடை ஏறாத பிள்ளையைத் தேர்ந்தெடுத்து 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். தேறினால் நிறுத்தம், தேறாவிட்டால் மருத்துவரிடம். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது என்று மதிப்பீடுகள் சொல்லின, வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள்.

ஊருக்குள் இதை விளக்குவது சாதாரண வேலையில்லை. "என் பிள்ளைக்கு இல்லாத உருண்டை அவ பிள்ளைக்கு மட்டும் எப்படி?" என்று கேட்கும் தாய்க்கு, உன் பிள்ளை நன்றாக இருப்பதால்தான் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

மாசா மாசம் எடை போட்டு என்ன ஆகப் போவுது?

முந்தைய பதிலில் சொன்ன திட்டத்தின் முதுகெலும்பே அந்த எடைதான், இன்றுவரை தொடர்கிறது. அந்தக் காலத்துத் தராசு உத்தரத்திலோ மரக்கிளையிலோ தொங்கும். கால்சட்டை மாதிரி தைத்த துணிக்குள் பிள்ளையின் இரண்டு காலையும் விட்டுக் கொக்கியில் மாட்டுவார்கள். பிள்ளை உதைத்துக்கொண்டு அலறும், முள் ஆடும். முள் நிற்கும்வரை பொறுத்துப் படிக்க வேண்டும். பொறுமையில்லாதவர் குத்துமதிப்பாக எழுதினால் அந்த மாதக் கணக்கே வீண்.

படித்த எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைத்துப் போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார்கள். கோடு ஏறினால் சரி, இறங்கினால் ஆபத்து. பலர் கவனிக்காதது மூன்றாவது வகை: ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, படுத்த கோடு. பார்வைக்குப் பிள்ளை ஓடியாடிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கும். அந்த வயதில் இரண்டு மூன்று மாதம் எடை ஏறாமல் நிற்பது ஏதோ கோளாறு என்பதற்கு முதல் அறிகுறி. வயிற்றுப்போக்கு, தாய்ப்பாலோடு வேறு உணவு தொடங்காதது, தாய் கூலி வேலைக்குத் திரும்பியது, இப்படி ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்னால் கோட்டில் தெரியும். அதற்குத்தான் மாதாமாதம் கூப்பிடுகிறார்கள்.

முட்டை, சத்துமாவு எல்லாம் ஆரம்பத்துலேர்ந்தே உண்டா?

இல்லை. 1982இல் சோறும் பருப்பும் காய்கறியும்தான். சின்னப் பிள்ளைக்கு 80 கிராம் அரிசி என்று அளவு. முட்டை 1989 ஜூனில், கருணாநிதி ஆட்சியில் வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998இல் வாரம் ஒன்று. 2006க்குப் பிறகு எண்ணிக்கை ஏறியது. பள்ளிகளில் 2010 முதல் வாரம் 5 முட்டை, அங்கன்வாடியில் அவ்வளவு இல்லை. ஜெயலலிதா ஆட்சியில் 2013இல் கலவை சாதமும் மசாலா முட்டையும் சோதனையாகத் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா இடத்துக்கும் வந்தன. ஒவ்வொரு ஆட்சியும் தட்டில் ஏதாவது கூட்டியதே தவிர, எவரும் எடுக்கத் துணியவில்லை. நம் அரசியலில் அபூர்வமான போட்டி இது.

சத்துமாவு மையத்துக்கு வர முடியாதவர்களுக்கானது: கைக்குழந்தை, கர்ப்பிணி, பாலூட்டும் தாய். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை, வெல்லம் சேர்ந்த மாவு, பொட்டலமாக வீட்டுக்குக் கொடுப்பார்கள். அங்கன்வாடி உணவு விநியோகத்தில் ஒப்பந்தக்காரர்கள் கூடாது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் மகளிர் கூட்டுறவுச் சங்கங்களும் மாவு செய்து தருகின்றன. பொட்டலத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் மாட்டுக்குக் கரைத்து ஊற்றும் வீடுகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சோறு போடறீங்க சரி, படிப்பு எங்கே? ஏ.பி.சி.டி. கூடச் சொல்லித் தரலையே?

பயிற்சியிலும் வெளியிலும் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பதில் இரண்டு பகுதி.

ஒன்று, எழுத்தைத் திணிக்காதது குறை இல்லை, முறையே அதுதான். போர்டியில் கூழாங்கல்லும் விதையும் வைத்துச் செய்ததன் தொடர்ச்சி. ஒரு கூடையில் புளியங்கொட்டையும் சோழியும் கலந்து கொட்டி, மூன்றரை வயதுப் பிள்ளையைப் பிரிக்கச் சொல்லுங்கள். முதலில் நிறம் பார்க்கும், பிறகு வழவழப்பு பார்க்கும், கடைசியில் இந்தப் பக்கம் நிறைய, அந்தப் பக்கம் கொஞ்சம் என்று தானாகச் சொல்லும். கணக்கு அங்கே தொடங்கிவிட்டது. பென்சில் பிடிக்கும் விரல்களுக்கும் அதிலேயே பயிற்சி. பாடத்திட்டமும் மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்று பாட்டு, கதை, விளையாட்டாகத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது பகுதி, உங்கள் கோபத்தில் உள்ள நியாயம். அந்த விளையாட்டுக் கல்விகூடப் பல மையங்களில் ஒழுங்காக நடப்பதில்லை. காரணம் முதலில் சொன்ன மூன்று வாசல்தான். சோறு போடாவிட்டால் ஊர் கேட்கும். எடை போடாவிட்டால் மேலதிகாரி கேட்பார். கதை சொல்லாவிட்டால் யாரும் கேட்பதில்லை. ஒருகட்டத்தில் 11 பதிவேடுகள் எழுதினார்கள். 2021 முதல் போஷன் டிராக்கர் என்ற செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் தேடி வாசலில் நிற்கும் டீச்சர் அந்த நேரத்தில் கதை சொல்ல முடியாது. உதவியாளர் அடுப்படியில் இருப்பார். கல்விக்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும் என்பது என் கருத்து, பயிற்சியிலும் மறைப்பதில்லை.

அப்புறம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பிச்சாங்களே, அது என்ன ஆச்சு?

2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. தனியார் நர்சரிக்குப் போகும் பிள்ளைகளை இழுப்பது நோக்கம். தொடக்கப் பள்ளிகளில் உபரியாக இருந்த ஆசிரியர்களை இங்கே மாற்றினார்கள், பல ஆசிரியர்களுக்கு அதில் விருப்பம் இல்லை. 2022இல் அந்த ஆசிரியர்களைத் திரும்ப அழைத்து வகுப்புகளைக் கைவிடும் முடிவு வந்தது. பெற்றோரிடமும் கட்சிகளிடமும் எதிர்ப்பு கிளம்பவே அரசு பின்வாங்கிச் சிறப்பாசிரியர்களைக் கொண்டு தொடர்வதாக அறிவித்தது.

மொத்தம் 54,000க்கு மேல் மையங்கள் உள்ள மாநிலத்தில் 2,381 என்பது சிறு பங்கு. "எங்க ஊர்ல ஏன் இல்லை?" என்பதற்குப் பதில் அதுவே.

டீச்சர்னு கூப்பிடுறோம், ஆனா அரசு ஊழியர் இல்லையாமே?

திட்டம் வகுக்கும்போதே இவர்களை ஊர்த் தொண்டராகக் கணக்கிட்டார்கள். அதனால் ஊதியம் இல்லை, மதிப்பூதியம். 1975இல் மெட்ரிக் முடித்தவருக்கு மாதம் 150 ரூபாய், முடிக்காதவருக்கு 100, உதவியாளருக்கு 35. பகல் முழுக்க உழைப்பு, பெயர் மட்டும் தொண்டு. அந்தப் பெயர் இன்னும் துரத்துகிறது.

2006இல் ஒரு கர்நாடக வழக்கில் இவர்கள் வகிப்பது அரசுப் பணியிடம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில் குஜராத்திலிருந்து வந்த வழக்கில் அதே நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் (வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகத் தொகை தரும் சட்டம்) பொருந்தும் என்றது. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம், அதாவது ஆண்டுக்கு ஆண்டு ஏறும் சம்பள விகிதம் உண்டு, பல மாநிலங்களைவிட நிலைமை மேல். ஆனாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு ஒப்பிட எட்டாத தூரம்.

நான் ஆறு மணிக்குத்தான் வேலை முடிஞ்சு வர்றேன். அதுவரைக்கும் பிள்ளையை வெச்சுக்க மாட்டேங்கிறாங்களே?

அங்கன்வாடி வேலைக்குப் போகும் தாயை மனத்தில் வைத்து அமைந்தது அல்ல. சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் பிற்பகலில் பிள்ளையை அழைத்துப் போய்விட வேண்டும். பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தின் வரலாறு வேறு தடத்தில் வந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டமும் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றன. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை மடுவம் என்பார்களே, அந்த வகை. கட்டட வேலைக்கு வரும் பெண்களுக்கு அதுவும் இல்லை. டெல்லியில் காந்தி நூற்றாண்டுக்காகக் கட்டுமானம் நடந்த இடத்தில் மண்ணில் கிடந்த குழந்தைகளைப் பார்த்து மீரா மகாதேவன் 1969இல் கூடாரம் போட்டு நடமாடும் காப்பகம் தொடங்கினார்.

இரண்டு தடங்களையும் இணைக்க 2022இல் மத்திய அரசு பால்னா என்ற பெயரில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களை அறிவித்தது. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று வட்டார அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மையம் ஊர்ப்பக்கம் இருக்கு, எங்க காலனிப் பிள்ளைங்க போறதில்லை. எங்களுக்குத் தனியா கேட்டா குடுப்பாங்களா?

மையம் எங்கே அமையும் என்பது தொடக்கத்திலிருந்தே ஊர் அரசியல். யார் இடம் கொடுத்தார்களோ அவர்கள் தெருவில் அமைந்தது. இடம் கொடுக்க வசதியுள்ளவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று வயதுப் பிள்ளை தனியாக அந்தத் தெருவைக் கடந்து போகாது.

2001இல் தொடுக்கப்பட்ட உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் விரைவில் மையம் வர வேண்டும் என்று 2004இல் சொன்னது. 2006 டிசம்பரில் இன்னொரு படி: 6 வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லாத குடியிருப்பு கோரினால், மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். ஆள் குறைவான இடங்களுக்குக் குறு மையங்களும் உண்டு. குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கையெழுத்தோடு மனுவை வட்டார அலுவலகத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானமாக ஏற்றினால் இன்னும் வலு.

எங்க ஊர் மையம் எந்த வருஷம் ஆரம்பிச்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கட்டடத்துக் கல்வெட்டை நம்பாதீர்கள். அதில் இருப்பது கட்டடம் திறந்த தேதியும் நிதி கொடுத்த எம்.எல்.ஏ. பெயரும். பல மையங்கள் வாடகை வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் பள்ளித் தாழ்வாரத்திலும் ஆண்டுக்கணக்கில் ஓடிவிட்டுத்தான் சொந்தக் கட்டடத்துக்கு வந்தன.

முதலில் உங்கள் வட்டாரம் எந்தத் திட்டத்தில் இருந்தது என்று பாருங்கள். 1980களில் எடை போட்டு உருண்டை கொடுத்ததாகப் பெரியவர்கள் சொன்னால் உலக வங்கித் திட்டம், சோறு மட்டும் என்றால் 1982இன் குழந்தைகள் மையம். இரண்டும் ஒரே ஊரில் தனித்தனியே இருந்து பிறகு சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு, அப்படியானால் இரண்டு தொடக்க ஆண்டுகள். அடுத்து முதல் டீச்சர் யார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அதே ஊர்க்காரர்தான், ஓய்வு பெற்றிருப்பார். அவருடைய பணி நியமன ஆணையில் தேதியும் மையத்தின் பழைய பெயரும் இருக்கும், வட்டார அலுவலகத்துக் கோப்பைவிட அது நம்பகமானது. அவர் வீட்டில் இல்லையென்றால் வட்டார அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். மையம் தொடங்கிய அரசாணை எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள், ஆண்டை மட்டும் கேட்டால் கட்டடத்தின் ஆண்டைக் கொடுத்துவிடுவார்கள்.